டார்சோ பொம்மை வாங்கலாமா? ஆறு வயசுக்காரியோடு நாலு மாதம் பிரித்து மாட்டிய அனுபவம்

ஆன்லைனில் மனித உடல் மாடல் என்று தேடினால் முதல் வரிசையிலேயே வந்து நிற்குமே, பாதித் தலை திறந்து மூளை தெரிய, நெஞ்சும் வயிறும் கதவில்லாத அலமாரி மாதிரி இருக்கும் 28 செ.மீ. உயர பிளாஸ்டிக் டார்சோ (கை கால் இல்லாத நடு உடம்பு) பொம்மை, அதைத்தான் வாங்கினேன். 15 துண்டுகள், கூடவே ஒரு தாங்கி, ஒரு கட்டு அட்டைகள். தள்ளுபடி போக 1,150 ரூபாய். மகளுக்கு ஆறு வயது, வீட்டிலேயேதான் படிக்கிறாள். உடம்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவள் கேட்க ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது பள்ளியில் மனப்பாடம் செய்த ஜீரண மண்டலப் படம் மட்டும்தான், அதிலும் கணையம் எங்கே என்று மறந்துவிட்டது. வாங்குவதா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக நாலு மாதம் கழித்து இதை எழுதுகிறேன். எந்த கம்பெனி என்று சொல்லவில்லை, ஏனென்றால் இதே அச்சில் வார்த்தது வேறு வேறு பெயரில் வேறு வேறு விலைக்குக் கிடைக்கிறது.

முதலில் வந்த பெட்டியில் இரைப்பையைக் குத்தி நிறுத்தும் ஆணி உடைந்திருந்தது. விற்றவரிடம் போட்டோ அனுப்பி, திரும்ப அனுப்பி, மாற்று வருவதற்குள் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் "என் வயிறு எப்போ வரும்" என்று ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் பிளாஸ்டிக் நாற்றம் தாங்கவில்லை, இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்த பிறகுதான் கையில் கொடுத்தேன். சின்னத் துண்டுகள் நிறைய, வாயில் போடும் வயசுப் பிள்ளை வீட்டில் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்பதைச் சொல்லித்தர இதைவிட லேசான வழி எனக்குத் தெரியவில்லை. படத்தில் எல்லாம் ஒரே தட்டையில் இருக்கும், அதைப் பார்த்து இதயத்துக்குப் பக்கத்தில் நுரையீரல், அதற்குக் கீழே வயிறு என்று சொல்லலாமே தவிர, குடலை எடுத்தால்தான் சிறுநீரகம் தெரியும், அது முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று ஆறு வயசுப் பிள்ளைக்குப் படத்தில் காட்ட முடியாது. அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்புவாள், திருப்பி மாட்டுவாள், வரிசை தப்பினால் அடுத்தது பொருந்தாது, அதுவே பாதிப் பாடம். இரண்டாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாள்.

ஒரு குழப்பம் மட்டும் எல்லோருக்கும் வரும், அதனால் சொல்கிறேன். பொம்மை நம்மைப் பார்த்து நிற்கிறது, அதனால் கல்லீரல் நமக்கு இடது பக்கம் தெரியும். "அம்மா, ஈரல் எனக்கும் இந்தப் பக்கமா?" என்று தன் இடது விலாவைத் தொட்டுக் காட்டினாள். கண்ணாடி, எதிர்ப்பக்கம் என்றெல்லாம் விளக்கினேன், ஏறவில்லை. அப்புறம் பொம்மையைத் திருப்பி, அதன் முதுகு அவள் வயிற்றில் படும்படி துண்டால் கட்டிவிட்டேன், குழந்தையை முன்னால் கட்டிக்கொள்வது போல. இப்போது பொம்மையின் வலது அவளுடைய வலது. அன்றைக்கு முழுக்க அதைக் கட்டிக்கொண்டே வீட்டில் திரிந்தாள், சாப்பிட்டது எங்கே போகிறது என்று ஒரு கையால் தோசையும் ஒரு கையால் இரைப்பையும் பிடித்துக்கொண்டு. அப்பத்தா வயிறு வலிக்கிறது என்று சொன்னால், "எந்தப் பக்கம் அப்பத்தா? வலது கீழயா? அப்போ குடல்வால்" என்று டாக்டர் கணக்காகப் பேச ஆரம்பித்தாள். பொம்மையின் குடல்வால் மூன்றாவது வாரமே ஒடிந்துவிட்டது. நான் பசையைத் தேடப் போனேன், அவள் அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, இனிமேல் தேவையில்லை என்று சொல்லிவிட்டாள். அதுவும் சரிதான்.

இனி குறைகள். இரண்டு நுரையீரலையும் ஒரே மாதிரி வார்த்திருக்கிறார்கள். உண்மையில் வலதில் மூன்று மடல், இடதில் இரண்டுதான், இதயத்துக்கு இடம் விடவேண்டும் என்பதால் இடது கொஞ்சம் சின்னது. சிறுநீரகங்கள் இரண்டும் நேர்கோட்டில் இருக்கின்றன, வலது பக்கத்தது, அதன் மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால், சற்று இறங்கி இருக்கவேண்டும். கணையத்தையும் மண்ணீரலையும் இரைப்பைக்குப் பின்னால் வெறும் பெயிண்டாக அடித்துவிட்டிருக்கிறார்கள். விலா எலும்பு ஒன்றுகூடக் கிடையாது, "இவருக்கு எலும்பே இல்லையா, எப்படி நிக்கிறார்?" என்று முதல் நாளே கேட்டாள். இதெல்லாம்கூடப் போகட்டும், உதரவிதானம் இல்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற அந்தத் தசைத் தட்டு கீழே இறங்குவதால்தான் நுரையீரலுக்குள் காற்றே வருகிறது. அதை விட்டுவிட்டால் மூச்சு விடுவதை விளக்க என்ன மிச்சம் இருக்கிறது?

அதற்கு நாங்கள் பழைய தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, வாயில் மாட்டி உள்ளே தொங்கும் ஒரு பலூன், அடியில் உதரவிதானத்துக்கு வெட்டிய பலூன் தோல் என்று எல்லோரும் செய்கிற அதையே செய்தோம். முதல் இரண்டு தடவை டேப் ஓரத்தில் காற்று கசிந்து ஒன்றும் நடக்கவில்லை, மூன்றாவது தடவை ரப்பர் பேண்டைச் சேர்த்துக் கட்டியதும் கீழே இழுக்க இழுக்க உள்ளே பலூன் உப்பியது. விக்கல் வரும்போது குதிப்பது உதரவிதானம்தான் என்று சொன்னேன். இப்போது விக்கல் வந்தால் "என் உதரவிமானம் குதிக்குது" என்கிறாள். திருத்த மனசு வரவில்லை.

அட்டைகளைப் பற்றி: தூக்கிப் போடுங்கள். ஒரு அட்டையில் நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று பழைய படம். இது தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது, எல்லாச் சுவையும் நாக்கில் சுவை மொட்டு இருக்கும் எல்லா இடத்திலும் தெரியும். நான் சொல்லாமல் அவளையே பார்க்கச் சொன்னேன், பஞ்சுக் குச்சியில் உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், பாகற்காய்ச் சாறு. பாகற்காயை நாக்கு நுனியில் வைத்ததும் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! "அட்டை பொய் சொல்லுது" என்று பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். இன்னொரு அட்டையில் பாதி ரத்தம் நீலம், பொம்மையின் இதயத்திலும் அப்படித்தான். எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பிரித்துக் காட்ட அடித்த வண்ணம் அது. ரத்தம் எப்போதும் சிவப்புதான், ஆக்ஸிஜன் குறைந்தால் கொஞ்சம் கருஞ்சிவப்பு. இதைப் பெட்டியில் எங்கேயும் சொல்லவில்லை. அவள் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட அன்று அழுவதற்கு முன்னால் குனிந்து நிறத்தைப் பார்த்தாள்.

பெட்டியில் தமிழ் ஒரு எழுத்து இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணம் மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், இங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட ஆளில்லை. நானே சின்னச் சின்னத் தாளில் எழுதி ஒட்டினேன். அதனால் ஒரு லாபம் கிடைத்தது. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்று மூன்றும் ஈரல் என்று முடிவதை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அவள்தான் கவனித்தாள். "கல்லு ஈரல், மண்ணு ஈரல், நுரை ஈரல். ஏம்மா நுரை?" பொம்மையில் மூன்றும் ஒரே வழவழப்பு பிளாஸ்டிக், பதில் அதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். "பாய், நுரையீரலை வெட்டாம, குழாயோட முழுசா குடுங்க." "என்னம்மா, வைத்தியத்துக்கா?" "பாப்பாவுக்குப் பாடம் நடத்த." அவர் சிரித்துவிட்டு, இதயமும் நுரையீரலும் கல்லீரலும் ஒன்றாகத் தொங்கும் கொத்தை அப்படியே கொக்கியிலிருந்து இறக்கிக் காட்டினார், வாழைக்குலை மாதிரி. பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்று அப்பத்தா சொல்வாளே, அந்தக் குலை இதுதான். கூடவே ஒரு துண்டு சுவரொட்டியும் போட்டார், மண்ணீரலுக்குக் கறிக்கடையில் அதுதான் பெயர். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்தார். நல்லவேளை எறிந்து காட்டவில்லை.

வீட்டில் ஒரு பக்கெட் தண்ணீர். கல்லீரல் துண்டைப் போட்டாள், மூழ்கியது. சுவரொட்டி, மூழ்கியது. நுரையீரலைப் போட்டாள், மிதந்தது. கையால் அமுக்கினாள், விட்டதும் மேலே வந்தது. "நுரை!" அப்புறம் மூச்சுக்குழாயைத் தடவிப் பார்த்தாள், வாஷிங் மெஷின் ஹோஸ் மாதிரி வரிவரியாக இருக்கும், அந்த வளையங்கள் இருப்பதால்தான் குழாய் ஒட்டிப்போகாமல் திறந்தே இருக்கிறது. இவங்க அப்பா சைக்கிள் பம்பை அதில் சொருகித் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தார். கருஞ்சிவப்பாகச் சுருங்கிக் கிடந்தது மெதுவாக விரிந்து, வெளிறி, ரோஸ் நிறமாகி, இரண்டு கையில் அடங்காத அளவுக்கு வந்துவிட்டது. பம்பை எடுத்ததும் பெருமூச்சு விட்டு அடங்கியது. மூன்று பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. (வாயால் ஊதாதீர்கள், செய்தித்தாள் விரித்துச் செய்யுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சைவ வீடு என்றால் பாட்டில் பலூனே போதும்.) ஆன செலவு 1,150 ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சத்தைக் குழம்பும் வைத்தோம்.

பொம்மையின் இதயம் இரண்டாகத் திறக்கிறது, உள்ளே நான்கு அறைகளும் தெரிகின்றன, அந்த ஒரு துண்டு மட்டும் நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் லப்டப் கேட்கவேண்டும் அல்லவா? 1816-ல் பாரிஸில் லென்னக் என்ற டாக்டர் ஒரு பெண்ணின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுத் தாளைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அதுதான். நாங்களும் மாதக் காலண்டர் தாளைச் சுருட்டி வைத்தோம், நன்றாகவே கேட்டது. அதைவிட நன்றாக, வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார் விட்டுப்போன லெவல் டியூபில் (தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் குழாய்) சமையலறைப் புனலைச் செருகியதும் கேட்டது. மகளுக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு 94, ஸ்கிப்பிங் ஆடிவிட்டு வந்ததும் 138. அப்பத்தாவுக்கு 72. அப்பத்தாவுக்கு ஏன் மெதுவாக ஓடுகிறது என்று மகள் கேட்டபோது, சின்ன இதயம் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் தள்ளும், அதனால் அடிக்கடி தள்ளவேண்டும் என்றேன்.

பொம்மையின் குடல் ஒரே கட்டி, பிரிக்க வராது. பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர் என்பதை அதில் எப்படிக் காட்ட? என் பருத்திப் புடவை ஒன்றை அடுக்களையிலிருந்து வாசல்வரை விரித்தோம். அதைத் திரும்ப உருட்டி மடியில் அடக்கச் சொன்னேன், அரை மணி நேரம் போராடினாள்.

இன்னொன்று, இந்தப் பொம்மை ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, சிறுநீர்ப்பையோடு கதை முடிந்துவிடுகிறது. "உச்சா அங்கேயே நின்னுடுமா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சைப் பொம்மை பார்த்துக்கொள்ளும் என்று நம்பாதீர்கள், நாமே கூச்சமில்லாமல் பெயர் சொல்லி, யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதுதான். எங்கள் வீட்டில் அது குளிக்கும் நேரத்தில் நடந்தது.

அதனால், ஆயிரத்துக்குக் கீழே கிடைத்தால் வாங்கலாம், ஆறிலிருந்து ஒன்பது வயசுக்குச் சரியாக இருக்கும். எது எங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் வாங்குங்கள். பெரிய சைஸ், லைட் எரிவது, பட்டனை அமுக்கினால் பேசுவது என்று மூவாயிரத்துக்கு விற்பதை ஒரு தோழி வீட்டில் பார்த்தேன், பிள்ளைகள் பட்டனை மட்டும்தான் அமுக்குகிறார்கள். அட்டைகளுக்குப் பதிலாகத் தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வேண்டிய படத்தை மட்டும் அச்செடுத்துக்கொள்ளலாம், தமிழ்ப் பெயர்களும் அதிலேயே வந்துவிடும்.

உழைப்பைக் கேட்டால் சுமார்தான். நாலு மாதத்தில் கல்லீரல் ஓரத்தில் பெயிண்ட் உரிந்துவிட்டது, இரைப்பை ஆணி மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறது. இப்போது அவளுக்கு முதல் பால்பல் ஆடுகிறது, பொம்மையின் வாயைத் திறந்து பார்க்கவேண்டும் என்று ஒரே அடம், அதற்கு வாய் திறக்காது. கண்ணாடியும் டார்ச்சும் கொடுத்துவிட்டேன், இருபதில் எத்தனை ஆடுகிறது என்று தினமும் காலையில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.