கரி கக்கும் ஆஃப்-ரோடு வண்டி: ஜெட்டில் கை வைக்கும் முன்

காலையில் சோக் போடாமலே ஸ்டார்ட் ஆகிவிடும். பத்து நிமிசம் ஓடிச் சூடானதும் அமுங்க ஆரம்பிக்கும். கால்வாசி ஆக்சிலேட்டரில் தொப தொபவென்று இருமும், நின்றால் பெட்ரோல் வாடை, பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. கார்புரேட்டர் வண்டியை வாய்க்கால் மேட்டிலும் தோப்புத் தடத்திலும் நாலைந்து வருசம் ஓட்டியவர்களுக்கு இது பழகின தொல்லை. 2011-ல் வந்த ஹீரோ இம்பல்ஸ் ஆகட்டும், 2019-ன் கார்புரேட்டர் எக்ஸ்பல்ஸ் 200 ஆகட்டும், வேறு கார்புரேட்டர் மாட்டிய பழைய வண்டி ஆகட்டும், பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான்.

கலவையில் பெட்ரோல் கூடிப்போவதுதான் ரிச், குறைந்தால் லீன். ரிச் என்றதும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் வரும் பேச்சு, "மெயின் ஜெட்டைக் கொறைச்சுட்டாச் சரியாயிருமுங்க." ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளை. புதுசில் ஒழுங்காக ஓடிய வண்டியில் அது தானாகப் பெருசாகாது. எங்கோ தேய்ந்திருக்கிறது, அடைத்திருக்கிறது, அல்லது யாரோ ஜெட் துளையில் கம்பி விட்டிருக்கிறார்கள். அதோடு இப்போது பங்கில் ஊற்றுவது இ20, இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடை அளவில் 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். அதே ஜெட்டில் வண்டி முன்னைவிட லீனாக ஓட வேண்டியது. அப்படியும் கரி பிடிக்கிறதென்றால் கோளாறு ஜெட் நம்பரில் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஏர் ஃபில்டர். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில் தூசி, திருப்பூர்ப் பக்கம் பஞ்சு, மற்ற இடங்களில் செம்மண். ஃபில்டர் அடைத்தால் கார்புரேட்டர் தொண்டையில் உறிஞ்சல் கூடும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்துக்கு வெளிக்காற்று அழுத்தம் அப்படியே இருப்பதால் பெட்ரோல் அதிகம் ஏறும். ஃபோம் ஃபில்டரில் எண்ணெய் சொட்டச் சொட்ட ஊற்றினாலும் இதே கதைதான். பிழிந்தபின் கையில் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், வடியக் கூடாது. அடுத்தது சோக். கேபிள் சோக் என்றால் லீவரில் ஓரிரு மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். கேபிள் இறுகி நின்றால் சோக் துளையை மூடும் பிளஞ்சர் முழுசாக உட்காராது, நாள் முழுக்கச் சோக் போட்டே ஓட்டுவதாக ஆகிவிடும்.

மூன்றாவது, ஃப்ளோட் லெவல், அதாவது கிண்ணத்தில் மிதவை நிறுத்திவைக்கும் பெட்ரோல் மட்டம். கிண்ணத்தின் வடிகால் குழலில் ஒளி ஊடுருவும் டியூபைச் செருகி மேல்நோக்கி வளைத்துப் பிடித்து, வண்டியை நேராக நிறுத்தி வடிகால் திருகைத் திறந்தால் உள்ளே நிற்கும் பெட்ரோல் மட்டம் டியூபில் தெரியும். கிண்ணம் சேரும் கோட்டுக்குச் சில மி.மீ. கீழே நிற்க வேண்டும். சரியான அளவு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கோட்டைத் தாண்டினால் ஃப்ளோட்டின் பித்தளை நாக்கை அரை மி.மீ.க்கு மேல் வளைக்காமல் சரிசெய்ய வேண்டும். பெட்ரோல் வரத்தை மூடும் நீடில் வால்வின் ரப்பர் முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு வளைத்தும் பயனில்லை, புதுசு போட வேண்டியதுதான்.

இனி கம்பி விசயம். ஜெட் பித்தளை, கிளட்ச் கேபிள் இழை எஃகு. அடைப்பெடுக்க நாலு தடவை இழை விட்டால் துளை அகன்றுவிடும், மேலே 110 என்ற எண் மட்டும் மாறாமல் இருக்கும். கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் அந்த எண் துளையின் விட்டம், மி.மீ.யில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. அதில் 5 கூடினால் துளையின் பரப்பு ஒன்பது சதவீதம் கூடுகிறது. மிக்குனியின் அறுகோண ஜெட்டில் எண் அதன் வழியே பெட்ரோல் ஓடும் அளவு, ஆகவே இரண்டு கம்பெனி எண்களையும் ஒப்பிட்டு மாற்றி மாட்டக் கூடாது. கிளீனர் ஸ்ப்ரேயும் கம்ப்ரஸர் காற்றும் போதும். "கம்பி விடாதீங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஸ்ப்ரே அடிக்குமுன் டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வைக் கழற்றி வையுங்கள், மருந்து பட்டால் ரப்பர் ஊதிவிடும். திருகுகள் ஜப்பான் அளவு. சாதாரண ஸ்டார் திருப்புளி தலையைத் தின்றுவிடும்.

பலர் கோட்டை விடுவது நீடில் ஜெட், அதாவது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி (நீடில்) நுழைந்து நிற்கும் குழாய். நீடில் வருசக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து குழாயின் வாயை உரசுகிறது, கூடவே தூசி. நீடிலை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று பட்டை தெரிந்தால் தேய்மானம் வந்துவிட்டது. குழாயின் வாயை லென்ஸ் வைத்துப் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகியிருக்கும். ஆக்சிலேட்டர் கால்வாசி முதல் அரைவாசி வரை ரிச், முழுத் திருகலில் நன்றாக ஓடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீடில், நீடில் ஜெட் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். கிளிப் உள்ள நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் நீடில் இறங்கி லீன் ஆகும். பெரும்பாலான சி.வி. கார்புரேட்டர்களில் (உறிஞ்சலால் டயாப்ரம் ஸ்லைடைத் தூக்கும் வகை) கிளிப் பள்ளமே கிடையாது. வாஷர் போட்டு ஏற்றலாம், ரிச் ஆகும், ஆனால் இறக்க வழியில்லை. யாராவது முன்பே வாஷர் போட்டிருந்தால் எடுத்துவிடலாம், அவ்வளவுதான்.

இத்தனையும் பார்த்தபின் மீதி ரிச் இருந்தால் ஜெட்டுக்கு வரலாம். கைப்பிடியிலும் அதன் கூட்டிலும் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட், நடுவில் நீடில், கால்வாசிக்குக் கீழே ஐட்லிங்குக்கான பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும். சோதிக்க ஒரே ரோடு, ஒரே கியர், இஞ்சின் நன்கு சூடு. மெயினில் ஆரம்பித்துக் கீழே வாருங்கள், ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். தடத்தில் பாதி நேரம் கால்வாசிக்குக் கீழேதான் ஓடுகிறது; மெயின் ஜெட்டை மாற்றிவிட்டு அங்கே வித்தியாசம் தேடுவது வெட்டி வேலை.

ஸ்க்ரூவில் ஒரு குழப்பம் உண்டு. இஞ்சின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, உள்ளே திருகினால் லீன். ஃபில்டர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ, வெளியே திருகினால் லீன். பெட்ரோல் ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை விட்டு, ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்த நிலையில் ஐட்லிங் சீராக நின்றால் பைலட் சரி. ஒரு சுற்றுக்குள்ளேயே நன்றாக நின்றால் பைலட் பெருசு, ஒரு எண் குறையுங்கள். அடியில் இறுக்கினால் முனை உடையும். ஸ்பிரிங்கோடு குட்டி வாஷரும் ஓ-ரிங்கும் இருக்கின்றன, தரையில் துணி விரித்து எடுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கேட்பது தனி. கோவை சுமார் 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேலே காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மெலிகிறது, கலவை பத்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ரிச் ஆகிறது. கெய்ஹின் கணக்கில் 110 இருந்த இடத்தில் 105. சி.வி. கார்புரேட்டர் இதில் கொஞ்சத்தைத் தானே ஈடுகட்டும். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி ஏறி மறுநாள் இறங்குவதற்கெல்லாம் ஜெட் மாற்றுவது வேண்டாத வேலை. மேலே ரிச்சில் வண்டி சோம்பும், ஆனால் கெடாது. லீன் ஜெட்டோடு, அதுவும் இ20-ல், மேட்டுப்பாளையம் வெயிலில் முழுத் திருகலில் ஓட்டினால் இஞ்சின் சுடும்.

ரிச்சாக ரொம்ப நாள் ஓடிய வண்டியில் ஆயில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ, அளவு ஏறியோ இருந்தால் சிலிண்டர் சுவரில் வழிந்த பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கிறது. கார்புரேட்டரைச் சரிசெய்த அன்றே ஆயிலையும் மாற்றி, பிளக்கும் புதுசு போட்டு, பிறகு 200 கி.மீ. ஓடியபின் பிளக்கின் நிறம் பாருங்கள். பழைய கரியின்மேல் நிறம் படிக்க முடியாது.