சாப்மனா, மில்லரா: 2016 ஜூலையில் புல்பென்னுக்குக் கொடுத்த விலை

2016 அக்டோபர் 11, சான் ஃபிரான்சிஸ்கோ. பேஸ்பால் பிளேஆஃப். சிகாகோ கப்ஸுக்கு எதிராக ஊர் அணி ஜயன்ட்ஸ் 5-2 என முன்னிலை. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று அவுட் எடுத்துவிட்டால் தொடர் 2-2 ஆகும். எட்டு இன்னிங்ஸ் வீசிய மேட் மூர் இரண்டே ஹிட் கொடுத்திருந்தார். ஆனால் 120 பந்து வீசியாகிவிட்டது. மேலாளர் புரூஸ் போச்சி அவரை உட்காரவைத்துவிட்டு, மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென் பக்கம் கை காட்டினார். அந்த ஒரே இன்னிங்ஸில் ஐந்து பேர் வந்து வீசினார்கள். நான்கு ரன் போனது. கப்ஸ் 6-5 என ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது.

ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு இது அதிர்ச்சியே இல்லை. அந்த சீசன் முழுக்க 30 முறை கையில் இருந்த முன்னிலையை அவர்கள் புல்பென் கோட்டைவிட்டிருந்தது. நோய் ஜூலையிலேயே தெரிந்ததுதான். மருந்தும் அப்போது சந்தையில் இருந்தது. அதை வாங்கியது வேறு இரண்டு அணிகள். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

பேஸ்பால் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிக்கெட்டில் பும்ராவுக்கு முதலில் இரண்டு ஓவர் கொடுத்துவிட்டு, கடைசியில் மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்த பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர், அன்றைக்குத் திரும்ப வர முடியாது. ஆட்டத்தைத் தொடங்குபவர் ஐந்தாறு இன்னிங்ஸில் களைத்துப் போனால், மைதானத்து ஓரக் கூண்டில் காத்திருக்கும் ரிலீவர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். அந்தக் கூண்டுதான் புல்பென். கடைசி இன்னிங்ஸைப் பூட்டுபவருக்குக் குளோசர் என்று பெயர். அப்படி ஒருவர் இல்லாத அணி ஜூலைக் கடைசியில் கடைக்குப் போகும். அங்கே பணத்தைவிட அதிகம் செல்லுபடியாவது மைனர் லீக்கில் வளரும் இளம் பிள்ளைகள். ப்ராஸ்பெக்ட் என்பார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 31 ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஆட்டக்காரர்களைக் கைமாற்றுவதற்கான கெடு ஆகஸ்ட் 1 வரை நீண்டது. கடை விரித்தது நியூயார்க் யாங்கீஸ். டெலின் பெட்டான்ஸஸ், ஆண்ட்ரூ மில்லர், அரோல்டிஸ் சாப்மன் என ஒரே புல்பென்னில் மூன்று யானைகளைக் கட்டி வைத்திருந்தும் அணி நடுவாந்தரத்தில் தள்ளாடியது. பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் மூன்றில் இரண்டை விற்கத் துணிந்தார்.

முதலில் போனது சாப்மன், ஜூலை 25 அன்று கப்ஸுக்கு. 2010-இல் மணிக்கு 105.1 மைல், அதாவது 169 கிலோமீட்டர் வேகத்தில் பந்து எறிந்த கியூபாக்காரர். ஷோயப் அக்தரின் 161.3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள், இவர் அந்த ஓட்டமெல்லாம் ஓடாமல் எறிந்தது இது. கப்ஸ் 1908-க்குப் பிறகு கோப்பையைப் பார்க்காத அணி. அந்த வருடம் எல்லாம் கூடிவந்திருந்தது. ஹெக்டர் ரொண்டோன் என்ற நல்ல குளோசரும் இருந்தார். இருந்தும் கப்ஸ் நிர்வாகத் தலைவர் தியோ எப்ஸ்டீன் நான்கு பேரைக் கொடுத்தார்: க்ளேபர் டோரஸ், ஆடம் வாரன், பில்லி மெக்கின்னி, ரஷாட் க்ராஃபோர்ட். இதில் கனமான பெயர் டோரஸ். பத்தொன்பது வயது ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்ட ஃபீல்டர். சாப்மனின் ஒப்பந்தமோ அந்த சீசனோடு முடிகிறது. மூன்று மாத வாடகைக்கு ஒரு வீட்டையே எழுதிக் கொடுத்த மாதிரி.

விலையில் சேராத இன்னொரு சுமையும் இருந்தது. 2015 அக்டோபரில் நடந்த குடும்ப வன்முறைச் சம்பவத்துக்காக, லீக் சாப்மனை 30 ஆட்டங்களுக்குத் தடை செய்திருந்தது. வழக்குப் பதிவாகவில்லை, ஆனாலும் லீக்கின் புதிய விதியின் கீழ் தண்டனை பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்தான். கப்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் அந்தக் கோப்பையைக் கொஞ்சம் நெருடலோடுதான் கொண்டாடினார்கள். அந்த நெருடல் நியாயமானது என்பதே என் எண்ணம்.

ஆறு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, மில்லர் கிளீவ்லாந்துக்குப் போனார். அங்கேயும் நால்வர்: கிளின்ட் ஃப்ரேசியர், ஜஸ்டஸ் ஷெஃபீல்ட், பென் ஹெல்லர், ஜே.பி. ஃபயரைசன். ஃப்ரேசியர் 2013 டிராஃப்ட்டில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர், ஷெஃபீல்ட் 2014-இன் முதல் சுற்றுக்காரர். அன்றைய கணக்கில் இது சாப்மனுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த விலை கிடையாது. ஆனால் மில்லர் நான்கு வருடம், 36 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் இருந்தார். அது 2018 வரை ஓடும். கிளீவ்லாந்து மாதிரி சின்னப் பை வைத்திருக்கும் அணிக்கு, வருடம் 9 மில்லியனில் இப்படி ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம்.

மில்லரின் கதையே ப்ராஸ்பெக்ட் வியாபாரத்துக்கு ஒரு பாடம் மாதிரி. 2006-இல் ஆறாவதாகத் தேர்வானவர். அடுத்த ஆண்டே, மிகெல் கப்ரேராவை வாங்க டெட்ராய்ட் கொடுத்த பெரிய பெயர்களில் இவரும் ஒருவர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சராக எங்கேயும் நிலைக்கவில்லை. புல்பென்னுக்குப் போன பிறகுதான் அந்த நெடிய இடது கை மின்னியது.

சரி, வாங்கியாகிவிட்டது. எந்த நேரத்தில் கூப்பிடுவது? என்னைக் கேட்டால் இந்த இரண்டு பேரங்களின் தரத்தையும் பிரித்துக் காட்டுவது இதுதான், ப்ராஸ்பெக்ட் பட்டியல் இல்லை.

கிளீவ்லாந்தில் கோடி ஆலன் என்ற குளோசர் ஏற்கெனவே இருந்தார். மேலாளர் டெரி ஃப்ராங்கோனா அவரை அசைக்கவில்லை. மில்லருக்கு இந்த இன்னிங்ஸ் என்று ஒரு எண்ணே ஒட்டவில்லை. மில்லரும் அதைக் கௌரவப் பிரச்சினை ஆக்கவில்லை. 2015-இல் யாங்கீஸுக்கு 36 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது) எடுத்தவர், சாப்மன் வந்ததும் முணுமுணுக்காமல் இடம் விட்டவர்தானே. பாஸ்டனுக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டத்தில், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே ஃப்ராங்கோனா அவரைக் கூப்பிட்டார். முன்னிலை 4-3. ஒன்பதாவது இன்னிங்ஸுக்குச் சேமித்து வைத்தால், அதற்குள் ஆட்டமே கையைவிட்டுப் போயிருக்கலாம். 40 பந்து வீசினார். ஆட்டம் 5-4 என கிளீவ்லாந்துக்கு.

அதற்கு முன்பே, செப்டம்பரில், கார்லோஸ் கராஸ்கோவின் கை எலும்பு முறிந்தது, டேனி சலசாரின் முன்னங்கையும் படுத்தது. அடுத்து டொரன்டோவுடன் நடந்த தொடரில், ட்ரெவர் பாவர் தன் டிரோனைப் பழுது பார்க்கும்போது வெட்டிக்கொண்ட விரலில் ரத்தம் சொட்டச் சொட்ட முதல் இன்னிங்ஸிலேயே வெளியேறினார். (கதாசிரியர் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.) மீதி எட்டு இன்னிங்ஸுக்கு மேல் புல்பென் இழுத்துக்கொண்டு போய் 4-2 என ஜெயித்தது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மில்லர்: ஏழே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு, 14 ஸ்ட்ரைக்-அவுட் (அடிக்கவிடாமல் பந்தாலேயே எடுக்கும் அவுட்), ரன் பூஜ்யம். குளோசர்கூட இல்லாத ஒரு ரிலீவருக்கு அந்த விருது!

கப்ஸ் பக்கம் வருவோம். லீக் ஆட்டங்களில் சாப்மன் பிரமாதம்: 16 சேவ், ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு ரன் என்ற கணக்கு. ஆனால் அவர் பழகியது சுத்தமான ஒன்பதாவது இன்னிங்ஸ். பேஸில் (ரன்னுக்கு ஓடுபவர் வழியில் நிற்கும் இடம்) யாரும் இருக்கக் கூடாது, மூன்று அவுட், கை குலுக்கல், வீட்டுக்கு. பிளேஆஃப் வந்ததும் மேலாளர் ஜோ மேடன் அவரை மில்லராக்கப் பார்த்தார். ஜயன்ட்ஸுடனான மூன்றாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் இருவர் பேஸில் நிற்கும்போது அழைத்தார். கானர் கில்லஸ்பி ட்ரிபிள் (மூன்றாம் பேஸ்வரை ஓடவைக்கும் அடி) அடித்து இருவரையும் உள்ளே கொண்டுவந்தார், ஆட்டமும் 13 இன்னிங்ஸில் போனது. டாட்ஜர்ஸுடன் முதல் ஆட்டத்தில், மூன்று பேஸும் நிரம்பிய நிலையில் அழைத்தார். இருவரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தவர், அட்ரியன் கான்சலஸிடம் இரண்டு ரன் விட்டு 3-3 ஆக்கினார். அன்று மிகெல் மொன்டேரோவின் கிராண்ட் ஸ்லாம் (நான்கு ரன் தரும் ஹோம்ரன், நம் சிக்ஸர் மாதிரி) காப்பாற்றியது.

அப்புறம் கிளீவ்லாந்துடன் உலகத் தொடர், கோப்பைக்கான கடைசிச் சுற்று. ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு அவுட், 42 பந்து. அன்று தோற்றால் சீசன் முடிந்தது, அதனால் மேடனைக் குறை சொல்ல மாட்டேன்; சாப்மனும் 3-2 என்ற முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுத்தார். ஆறாவது ஆட்டம்தான் புரியவில்லை. 7-2 என முன்னிலை இருக்கும்போது ஏழாவது இன்னிங்ஸில் அழைத்து, ஸ்கோர் 9-2 ஆன பிறகும் ஒன்பதாவதைத் தொடங்கவைத்து, 20 பந்து வீசவைத்தார். மறுநாள் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று இருந்ததை பிராண்டன் கையரின் டபிளும், ராஜய் டேவிஸின் இரண்டு ரன் ஹோம்ரனும் 6-6 ஆக்கின. டேவிஸ் ஹோம்ரனுக்குப் பேர்போனவர் இல்லை. ஆனால் எதிரே நின்ற கை, முந்தைய இரண்டு ஆட்டங்களில் 62 பந்து எறிந்துவிட்டு வந்த கை.

அதே ஆட்டத்தில் மில்லரும் தப்பவில்லை. அன்றோடு ஓய்வுபெறும் 39 வயது டேவிட் ராஸ் அவர் பந்தை சுவருக்கு மேல் தூக்கினார். கிளீவ்லாந்தின் வண்டியும் அந்த ஒரே மாட்டை நம்பித்தான் ஓடியது, அதுவும் அன்று முட்டி போட்டுவிட்டது. இருந்தும் அந்த அக்டோபரில் மில்லர் எடுத்த 30 ஸ்ட்ரைக்-அவுட், ஒரே பிளேஆஃப்பில் எந்த ரிலீவரும் அதுவரை தொடாத எண்.

இதைப் பார்த்துவிட்டு பால்டிமோர் ரசிகர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அவர்களிடம் சாக் பிரிட்டன் இருந்தார்: அந்த ஆண்டு 47 வாய்ப்பில் 47 சேவ். டொரன்டோவுடனான ஒற்றை ஆட்டப் பிளேஆஃப்பில், முன்னிலை வரட்டும் என்று அவரைக் கூண்டிலேயே வைத்திருந்தார் மேலாளர் பக் ஷோவால்டர். முன்னிலை வரவேயில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் வேறொருவர் பந்தில் எட்வின் என்கர்னசியோன் மூன்று ரன் ஹோம்ரன் அடித்தார். பிரிட்டன் ஒரு பந்துகூட எறியாமல் வீட்டுக்குப் போனார்.

வாஷிங்டனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிட்ஸ்பர்க்கிலிருந்து மார்க் மெலன்சனை வாங்கினார்கள். கொடுத்த விலையில் முக்கியமானவர் ஃபெலிப்பே ரிவேரோ. மெலன்சன் குறை வைக்கவில்லை, ஆனால் அணி முதல் சுற்றிலேயே டாட்ஜர்ஸிடம் விழுந்தது. நம் ஜயன்ட்ஸ் கெடு நாளான ஆகஸ்ட் 1 அன்று மூரையும், மில்வாக்கியிலிருந்து வில் ஸ்மித் என்ற இடதுகை ரிலீவரையும் வாங்கினார்கள், குளோசரை வாங்கவில்லை. கப்ஸுக்கு எதிராக அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்த ஐந்து பேரில் ஸ்மித்தும் ஒருவர். சீசன் முடிந்ததும் அதே மெலன்சனுக்கு நான்கு வருடம், 62 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தார்கள். ஜூலையில் மூடிய பையை டிசம்பரில் அவிழ்த்தார்கள்.

பிற்பாடு என்ன ஆனது? டோரஸ் 2018-இல் யாங்கீஸுக்கு வந்தார், முதல் இரண்டு சீசனிலும் ஆல்-ஸ்டார், 2019-இல் 38 ஹோம்ரன். சாப்மனோ 2016 டிசம்பரிலேயே ஐந்து வருடம், 86 மில்லியனுக்கு யாங்கீஸுக்கே திரும்பினார். கேஷ்மன் பசுவை விற்று, கன்றை வாங்கி, பசுவையும் மறுபடி கொட்டிலில் கட்டினார். கப்ஸ் அந்த ஓட்டையை அடைக்க ஹோர்ஹே சோலேரைக் கொடுத்து வேட் டேவிஸை வாங்கியது. டேவிஸும் ஒரே வருடத்தில் கிளம்பினார், சோலேர் 2019-இல் கன்சாஸ் சிட்டிக்கு 48 ஹோம்ரன் அடித்தார். கிளீவ்லாந்து கொடுத்த ஃப்ரேசியர் பெரிதாகத் தழைக்கவில்லை. ஷெஃபீல்ட் சியாட்டிலுக்கு மறுவிற்பனையானார். மில்லர் 2017-இலும் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன்கூட விடவில்லை. ஆனால் அந்த அக்டோபரில் அவர் பந்தில் கிரெக் பேர்ட் அடித்த ஹோம்ரன்தான் 1-0 என்ற ஆட்டத்தின் ஒரே ரன். அடித்தது யாங்கீஸ்.

ஆக, பேரமாகப் பார்த்தால் என் ஓட்டு மில்லருக்குத்தான், தயக்கமில்லாமல். இரண்டரை வருடம், எந்த இன்னிங்ஸுக்கும் பொருந்தும் கை, கொடுத்தவர்களில் யாரும் பின்னால் வந்து உறுத்தவில்லை. கப்ஸ் தோற்றிருந்தால், டோரஸ் ஒவ்வொரு முறை பந்தைத் தூக்கும்போதும் எப்ஸ்டீன் பெயர் அடிபட்டிருக்கும். 108 வருடக் காத்திருப்பு முடிந்த பிறகு சிகாகோவில் யாரும் ரசீதைத் தேடவில்லை, தேட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஒரு சின்ன ரசீது மட்டும் எனக்குப் பிடிக்கும். சாப்மனுக்கு ஐந்து நாள் முன்னால், ஜூலை 20 அன்று, கப்ஸ் சியாட்டிலிடம் மைக் மான்ட்கோமரி என்ற இடதுகை பிட்ச்சரை வாங்கியது. கொடுத்தவர்களில் முக்கியமானவர் டேன் வோகல்பாக், ஆந்தனி ரிஸோ இருக்கும்வரை முதல் பேஸில் இடம் கிடைக்காதவர். ஏழாவது ஆட்டத்தில் 17 நிமிட மழை நின்று, பென் ஸோப்ரிஸ்ட் டபிள் அடித்து, 8-7 ஆகி, பத்தாவது இன்னிங்ஸில் ஒரே ஒரு அவுட் மிச்சம். சாப்மன் ஏற்கெனவே வெளியே. வந்து நின்றவர் மான்ட்கோமரி. இரண்டே பந்து. தரையில் உருண்டு வந்ததை க்ரிஸ் பிரையன்ட் எடுத்து ரிஸோவிடம் எறிந்தார். மேஜர் லீக்கில் மான்ட்கோமரியின் முதல் சேவ் அது.