விட்டியர் சுரங்கப்பாதை: தண்டவாளத்தின் மேல் நாலு கிலோமீட்டர்

அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்துக்குச் சாலை வழியாகப் போக ஒரே வழிதான் உண்டு: மேனார்ட் மலையைக் குடைந்து செல்லும் ஆன்டன் ஆண்டர்சன் நினைவுச் சுரங்கப்பாதை. நீளம் 4 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். உள்ளே இருப்பது ஒரே லேன், அந்த லேனிலேயே தண்டவாளமும் பதிந்திருக்கிறது. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே உள்ள கடலடிச் சுரங்கத்தில் காரை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். 2000 ஜூனில் சாலைப் போக்குவரத்துக்குத் திறக்கும்வரை இங்கும் அதே ஏற்பாடுதான். இப்போது ரயில் ஓடும் தடத்திலேயே நாமே ஓட்டிப்போகலாம்.

இந்தச் சேவையின் உயிர்நாடி கால அட்டவணை. ஆங்கரேஜ் நகரத்தின் பக்கமுள்ள பேர் வேலி (Bear Valley) முனையிலிருந்து உள்ளே விடுவது ஒவ்வொரு மணியின் அரையிலும், விட்டியரிலிருந்து வெளியே விடுவது மணி அடித்ததும். இரண்டுமே கால் மணி நேரம்தான். அரை மணிக்கு ஒருமுறை திசை மாறும்போது மீதிக் கால் மணி ஏன் வீணாகிறது என்று வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வீணாகவில்லை. மணிக்கு 25 மைல் வேக வரம்பில் ஒரு கார் கடக்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். கடைசி வண்டி வெளியேறி, பாதை காலி என்று உறுதியானால்தான் எதிர்ப்பக்கம் திறக்க முடியும். ரயிலையும் இந்த இடைவெளிகளில்தான் நுழைக்க வேண்டும். அதனால் ரயில் வரும் நேரத்தில் ஒரு திறப்பு தள்ளிப்போகலாம், ரத்தும் ஆகலாம். விட்டியரில் படகோ கப்பலோ பிடிப்பவர்கள் கணக்குப்படி சரியாக வரும் திறப்பை நம்பாமல், அதற்கு முந்தையதில் போய்விடுவது நல்லது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கட்டணம் விட்டியருக்குள் போகும்போது மட்டும். திரும்பி வர எதுவும் இல்லை. டிரெய்லர் இழுக்காத காருக்கு 13 டாலர். வண்டி பெரிதாக ஆக, கட்டணமும் ஏறும். கட்டிய பிறகு வரிசை லேன்களில் நிறுத்தி, உங்கள் லேனுக்குப் பச்சை விழும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்து லேன் நகர்கிறதே என்று அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

ஓட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்டவாள அகலம் 1,435 மி.மீ. சாதாரணக் காரின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆகவே நடுவாக ஓட்டினால் டயர் தண்டவாளத்தின் மேலோ ஓரத்திலோ உருளும், ஸ்டீயரிங் லேசாக இழுப்பது போலத் தோன்றும். வண்டியில் கோளாறு என்று பதற வேண்டாம். ஸ்டீயரிங்கை இறுக்கி எதிர்ப்பக்கம் வெட்டினால்தான் சிக்கல். ஈரமான இரும்பு வழுக்கும் என்பதால் சட்டென்று பிரேக் அடிப்பதும் ஆகாது. பைக்காரர்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிய பள்ளம் மெல்லிய டயரைப் பிடித்துக்கொள்ளும்; இரு தண்டவாளங்களுக்கும் நடுவே நேராகப் போய்விடுவதே உத்தமம். சைக்கிளுக்கும் நடைக்கும் அனுமதி இல்லை. சைக்கிளை ஏதாவது வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக முடியும்.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். டீசல் ரயிலும் கார்களும் ஒரே குழாயில் புகைவிடுவதால் காற்றோட்டத்துக்கு ஜெட் விசிறிகளும் நுழைவாயில் விசிறிகளும் சேர்ந்து இயங்குகின்றன. மைனஸ் 40 டிகிரி குளிரையும் மணிக்கு 150 மைல் காற்றையும் தாங்கும்படி இந்தச் சுரங்கப்பாதை வடிவமைக்கப்பட்டது. நுழைவாயில் கட்டடங்கள் பனிச்சரிவைத் தாங்கும். உள்ளே எட்டுப் பாதுகாப்பு அறைகள் உண்டு. தீப்பிடித்தால் காரை விட்டுவிட்டு அருகிலுள்ள அறைக்குப் போய்விட வேண்டும். வண்டி பழுதானால் ஒதுக்கி நிறுத்தத் தனி இடங்களும் இருக்கின்றன.

பெரிய குறை, இரவில் மூடிவிடுவது. நேரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும். கடைசித் திறப்பு போய்விட்டால் விடியும்வரை எந்தப் பக்கம் இருக்கிறோமோ அந்தப் பக்கம்தான். விட்டியரோ முந்நூறு பேர்கூட இல்லாத ஊர், அவர்களிலும் பெரும்பாலோர் 14 மாடிக் கட்டடம் ஒன்றிலேயே வசிக்கிறார்கள். அறை பதிவு செய்யாமல் மாலைப் படகில் வந்து இறங்குகிறவர்கள், சுற்றிப் பார்ப்பதற்கு முன் கடைசித் திறப்பு எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளவும்.