கிரப் ரெஸ்க்யூவா, லைவ் யுஎஸ்பியா?

லினக்ஸை ஏற்றிவிடும் நிரலான கிரப் தடுமாறி, கணினி 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் மீட்க இரண்டு வழிகள் உண்டு.

அந்தத் திரையிலிருந்தே ஏற்றிப் பார்ப்பது ஒன்று. 'எல்எஸ்' கட்டளையால் பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) துழாவி, கிரப் கோப்புகள் இருக்கும் இடத்தை 'பிரிஃபிக்ஸ்' மாறியில் கொடுத்து, 'இன்ஸ்மாட் நார்மல்', அப்புறம் 'நார்மல்' என்று தட்டினால் பழைய மெனு வரும். பார்ட்டிஷன் எண் மாறியதுதான் கோளாறு என்றால் இது போதும், பென் டிரைவ்கூட வேண்டாம். ஆனால் உள்ளே போனதும் கிரப்பை மறுபடி நிறுவாவிட்டால் அடுத்த முறையும் இதே திரைதான். 'சிம்பல் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் இங்கே மல்லுக்கட்ட வேண்டாம். கிரப்பின் மையப் பகுதிக்கும் அதன் துணைக் கோப்புகளான மாட்யூல்களுக்கும் பதிப்பு ஒத்துப்போகவில்லை.

அப்போது லைவ் யுஎஸ்பி, அதாவது நிறுவாமலே லினக்ஸை ஏற்றும் பென் டிரைவ்தான் வழி. பென் டிரைவ் தயாராக இருந்தால் நான் முதலிலேயே இதற்குத்தான் போவேன். லினக்ஸ் இருக்கும் ரூட் பார்ட்டிஷனையும் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து (இணைத்து), 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' என்ற மூன்று சிஸ்டம் அடைவுகளையும் அங்கே பைண்ட் செய்து (தெரியவைத்து), சிஎச்ரூட் கட்டளை வழியே வட்டிலுள்ள லினக்ஸுக்கு உள்ளே போய் கிரப்பை நிறுவ வேண்டும். வேலை கூடுதல்தான், மெனு கோப்பையும் கையோடு புதுப்பித்துவிடலாம். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க முறை) கணினியில் பென் டிரைவையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்யுங்கள். லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் ஏற்றினால் ஃபர்ம்வேரில் (மதர்போர்டின் உள் மென்பொருளில்) பூட் பதிவை எழுத முடியாது.