வாயில் சொன்னது நார்மல், பேப்பரில் எழுதியது வேறு

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆஸ்பத்திரி என்றால் பாதிப்பேர் பாலக்காட்டுக்குப் போவோம், மீதிப்பேர் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர்ப் பக்கம். கேரளா-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமும் சுவரில் ஒரே போஸ்டர்தான்: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில். தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் அப்படி ஓர் இடத்தில்தான் 38,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பெயர் போடவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 61 வயது, தோப்பு வேலை. போன ஓணம் சமயத்தில்தான் வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்றார். விசாரித்தால் ஆறு மாசமாக வருகிறதாம். "கள்ளுச் சூடுப்பா, மோர் குடிச்சாச் செரியாப் போயிரும்." (எங்கள் தாலுக்காவில் கள்ளுக்கடை சட்டப்படி உண்டு. அதனால் எந்த நோவு வந்தாலும் கள்தான் முதல் குற்றவாளி.) ரத்தம் டெஸ்ட் பண்ணினால் ஹீமோகுளோபின் 9.2. ஆம்பிளைக்கு 13-க்கு மேல் இருக்க வேண்டியது.

போஸ்டர் டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து உள்மூலம் என்றார். அது பொய்யில்லை, அப்பாவுக்கு மூலமும் இருந்தது. "குடல் முழுசும் பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டேன். "கொலோனோஸ்கோப்பியும் பேக்கேஜ்லயே வருதுங்க" என்றார்கள். சந்தோஷப்பட்டேன்.

காலை 7 மணிக்குக் குடலைச் சுத்தம் பண்ணும் ஒரு பொடிப் பாக்கெட்டைக் கலக்கிக் கொடுத்து 10 மணிக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். முந்தின நாள் ராத்திரி அப்பா முருங்கைக்கீரையும் சோறும் சாப்பிட்டிருந்தார்; என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பத்தே நிமிஷத்தில் வெளியே வந்து, "எல்லாம் நார்மல், மூலம் மட்டுந்தான்." அன்றைக்கே மூலத்துக்கு லேசர், அன்றைக்கே பில்.

இரண்டு மாசம் ரத்தம் நின்றது. மறுபடி வந்தது. போன் போட்டால் புண் ஆற நாளாகும் என்ற பதில். தோப்பில் பாதி தூரம் நடந்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஹீமோகுளோபின் 8.1. என் மச்சினி பாலக்காட்டில் நர்ஸ். "மாமா, அந்த ரிப்போர்ட்டப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் திருப்பிக் கூப்பிட்டாள். ரிப்போர்ட்டின் அடியில் இங்கிலீஷில் இரண்டே வரி: குடல் சுத்தமில்லை, சிக்மாய்டு வரைதான் பார்க்க முடிந்தது.

எட்டு மாசமாக அந்தக் காகிதம் எங்கள் பீரோவில் இருந்திருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். படிக்கவில்லை, வாயால் சொன்னதை நம்பிவிட்டேன்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர். சிக்மாய்டு என்பது ஆசனவாய்க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் வளைவு. முழு ஸ்கோப் என்றால் மறுகோடியில் இருக்கும் சீக்கம் வரை போகவேண்டும். அங்கே போனதற்கு அடையாளமாகக் குடல்வால் துளையையும், சிறுகுடல் வந்து சேரும் வால்வையும் போட்டோ எடுப்பார்கள். திரும்பி வரும்போதுதான் நிதானமாகப் பார்ப்பது. அதற்கே குறைந்தது 6 நிமிஷம் வேண்டும். ரிப்போர்ட் கையில் வந்ததும் சீக்கம் என்ற வார்த்தையையும் அந்தப் போட்டோக்களையும் தேடுங்கள்.

பாலக்காட்டில் மறுபடி செய்தோம். முந்தின நாள் கஞ்சி, இளநீர், தெளிந்த ரசம் மட்டும். பொடித் தண்ணீரை ராத்திரி பாதி, விடியற்காலை பாதி என்று குடிக்கச் சொன்னார்கள். போகிறது மஞ்சள் தண்ணீராகத் தெளிகிறவரை விடவில்லை. வலப்பக்கக் குடலில், முதல் ஸ்கோப் எட்டியே பார்க்காத இடத்தில், காம்போடு தொங்கிக்கொண்டு 2 சென்டிமீட்டருக்கு ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் சதை முடிச்சு. கம்பிச் சுருக்குப் போட்டுக் கரண்ட் வைத்து அறுத்து, கிளிப் மாட்டினார்கள். அப்பா தூக்கத்தில் இருந்தார், ஒன்றும் தெரியவில்லை. அறுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். டியூபுலோவில்லஸ் அடினோமா (கேன்சராக மாறக்கூடிய ஒரு வகைப் பாலிப்), ஓரிடத்தில் செல்கள் ரொம்பவே மாறியிருக்கின்றன, காம்பு சுத்தம் என்று வந்தது. "இது கேன்சர் இல்லை. ஆனா விட்டிருந்தா அதுக்குத்தான் போயிருக்கும். மூணு வருஷத்தில் திரும்பப் பார்க்கணும்" என்றார் டாக்டர். முழுசாக எடுத்தார்களா, இல்லையா என்பதையும் அடுத்து எப்போது பார்ப்பது என்பதையும் பயாப்ஸிதான் சொல்லும். பாலிப் எடுத்தோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் வரைக்கும் ரத்தம் கசியலாம் என்பதால் கனம் தூக்கக்கூடாது என்றார்கள். அப்பாவைத் தேங்காய் மூட்டைப் பக்கம் போகாமல் தடுத்ததுதான் எங்களுக்குப் பெரிய பாடு.

பிறகு பழைய இடத்துக்குப் போய்க் கேட்டேன். கோபமே படாமல், "ரிப்போர்ட்லதான் எழுதியிருக்கோமே சார்" என்றார்கள். வாயில் பொய், பேப்பரில் உண்மை. கேஸ் வந்தால் பேப்பர் அவர்களைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கிறார்கள். குடல் சுத்தமில்லையென்றால் அன்றைக்கு லேசரை நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அன்றைய பில் போய்விடும்.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பாலக்காட்டில் கொடுத்தால் போதும். மனு தயாராகிறது, அதனால்தான் இங்கே பெயர் இல்லை.

அப்பாவுக்கு இருந்தது போன்ற பாலிப் என்றால் பிள்ளைகளும் 40 வயதில் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு 41, அக்காவுக்கு 44. வருகிற செவ்வாய்க்கிழமை இரண்டு பேருக்கும் ஸ்கோப். பொடித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அப்பாவிடம் கேட்டேன். "புளிச்ச கள்ளு இதுக்கு எவ்வளவோ தேவல" என்கிறார்.