டைனோசர் காட்சிக்கு ரிக்கற் எடுக்க முன் இதை வாசியுங்கள்

போன சனிக்கிழமை டைனோசர் காட்சி பார்க்க ஒட்டுசுட்டானிலிருந்து கிளிநொச்சிக்கு ஐந்து பேர் போனோம்: நான், மனைவி, மாமி, பிள்ளைகள் இருவர். பெரியாக்களுக்கு 1500 ரூபா, பிள்ளைகளுக்கு 1000. ரிக்கற்றுக்கு மட்டும் 6500 ரூபா. மாங்குளத்தில் பஸ் மாறிப் போன காசு வேறு.

நோட்டீசில் 12 மீற்றர் டி-ரெக்ஸ் வரும், ஒன்றரை மணித்தியாலக் காட்சி என்று போட்டிருந்தார்கள். டி-ரெக்ஸ் உண்மையிலேயே அவ்வளவு நீளம்தான். ஏழு வயது மகன் அதைப் புத்தகத்தில் படித்துவிட்டு, கிணற்றடியிலிருந்து முருங்கை மரம் வரை அளந்து கோடு கீறி வைத்திருந்தான்.

ஆறு மணிக்கு என்றது ஏழே காலுக்குத்தான் தொடங்கியது. புகை விட்டார்கள், பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்கள். வந்தது, என்னைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு ரப்பர் உடுப்பு. உள்ளே ஆள் நின்றதைக் குறை சொல்லவில்லை. வெளிநாட்டு நல்ல காட்சிகளிலும் சின்ன டைனோசருக்குள் பழகிய ஆள்தான் நடப்பார். இங்கே முழங்காலுக்குக் கீழே கிழிந்து நீலச் செருப்பு தெரிந்தது. கையில் ஐந்து விரல். "அப்பா, டி-ரெக்ஸுக்கு ரெண்டு விரல்தானே?" என்று மகன் காதுக்குள் கேட்டான்.

இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தகர வேலிக்கு ஒரே வாசல். சனம் நெருக்குப்பட்டதில் மாமி விழப் பார்த்தார், சின்னவள் வீறிட்டு அழுதாள்.

வாசலில் நின்றவரிடம் கேட்டேன். "இஞ்ச இந்தக் காசுக்கு இது காணும் அண்ணை" என்றார். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை. வன்னிப் பிள்ளைகள் ஒன்றும் அறியாதவர்கள், எதைக் காட்டினாலும் வாய் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டு என்று என் மகன் நித்திரையிலும் சொல்லுவான்.

வீட்டுக்கு வந்துதான் ரிக்கற்றைப் பார்த்தேன். தொலைபேசி இலக்கம் இல்லை, நடத்துபவரின் பெயர் இல்லை. கேளிக்கை வரிக்காகப் பிரதேச சபை குத்தும் முத்திரையும் இல்லை. காசு கொடுக்க முன் இந்த மூன்றையும் பாருங்கள். பிள்ளைகளோடு உள்ளே போக முன் வெளியேற வேறு வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். நான் திங்கள் காலையே எடுத்துச் சொல்லிவிட்டேன்.

அடுத்தது முல்லைத்தீவு என்று அங்கே கதைத்தார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.