காப்பகத்தின் கடித மேசை: ஒரு தன்னார்வலரின் மதிப்பீடு

தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடற்றோருக்கான இரவுக் காப்பகம் ஒன்றில் சேர்ந்தபோது போர்வை கொடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கடித மேசையில் உட்கார வைத்தார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்ததும் அந்த மேசைதான்.

தெருவில் வாழ்பவர்கள் காப்பகத்தின் முகவரியைத் தங்கள் முகவரியாகக் கொடுத்துக்கொள்ளலாம். இரவில் இங்கே தங்காதவர்களுக்கும் இது உண்டு. வரும் கடிதங்களைப் பெயர்வாரியாகப் பிரித்து, கேட்டு வருபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம். பார்ப்பதற்குச் சின்ன வேலை. ஆனால் முகவரி இல்லாமல் அடையாள அட்டை வாங்குவது பெரும்பாடு. அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கு திறப்பது கடினம். கணக்கு இல்லாதவரை வேலைக்கு எடுக்கப் பலர் தயங்குகிறார்கள். மருத்துவப் பரிசோதனைக்கான தேதிகூடக் கடிதத்தில் வருவதுண்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கு, மற்றவர் காதில் விழாதபடி தனி அறையில் படித்துக் காட்டுகிறோம். சான்றிதழ்கள் மழையில் நனையாமல், திருடு போகாமல் வைக்கப் பூட்டுள்ள பெட்டிகளும் இருக்கின்றன.

சேர்ந்ததும் சொல்லித் தந்த விதிகளும் நல்லவை. தூங்குபவரை எழுப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. தெருவுக்கு எப்படி வந்தீர்கள் என்று நாமாகக் கேட்கக் கூடாது. என்ன வேண்டும் என்று கேட்ட பிறகே எதையும் கொடுக்க வேண்டும். அப்படிக் கேட்டால் அதிகம் பேர் சொல்வது உலர்ந்த காலுறை. பாதம் நீண்ட நேரம் ஈரத்திலேயே இருந்தால் மரத்துப்போய், தோல் வெந்து புண்ணாகிவிடும். கடுங்குளிர்கூடத் தேவையில்லை, 15 டிகிரி செல்சியஸிலும் அது நடக்கும். பழைய துணி மூட்டைகள் இங்கே குவிகின்றன, புதுக் காலுறைகள்தான் எப்போதும் பற்றாக்குறை.

குறைகளும் உண்டு. கடித மேசையை மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுகிறார்கள். பகலில் கூலி வேலைக்குப் போகிறவர் எப்போது வந்து கடிதம் வாங்குவார்? நிர்வாகத்திடம் கேட்டேன், மாலையில் ஆள் இல்லை என்றார்கள். அப்புறம், மனநலப் பாதிப்பால் ஒருவர் பதற்றத்தில் கத்தும்போது என்ன செய்வது என்று பயிற்சியில் போதுமான அளவு சொல்வதில்லை. புதியவரை அனுபவமுள்ள ஒருவரோடு சேர்த்து அனுப்பினாலே பாதி பயம் போய்விடும்.

பண்டிகை நாட்களில் உதவ வருபவர்கள் நிறையப் பேர், மற்ற வாரங்களில் மேசை காலியாகக் கிடக்கிறது. அதனால் சேர நினைப்பவர்கள் வாரத்தில் ஒரே ஒரு மாலை என்றாலும், அதே நாளில் தவறாமல் வரும்படி பெயர் கொடுங்கள். ஏற்கெனவே பழகிய முகத்திடம்தான் பலர் கடிதத்தைப் பிரித்துக் காட்டுகிறார்கள்.